கல்லும் சொல்லும் – 14: வெட்டிய கல்லின் பெயர்

போன கிழமை பொழிகல்லைப் பற்றி எழுதியிருந்தேன். பத்திரிகை வந்த மூன்றாம் நாள், மருதனார்மடம் சந்தைக்குள் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்ற என்னை இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் மறித்துக்கொண்டார். ஒரு கையில் குடை, மறு கையில் முருங்கைக்காய்க் கட்டு.

"எழுதினது நல்லாத்தான் இருந்தது. ஆனா ஒண்டு கேக்கிறன். சீமெந்து வாறதுக்கு முந்தி எங்கடை ஆக்கள் சீமெந்தை என்னெண்டு சொன்னவை?"

"வராத சாமானுக்கு என்ன பேர் சொல்லுறது, மாஸ்டர்?"

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. "உதுதான் உம்மட்டை உள்ள குறை. சாமான் வேறை, பேர் வேறை. ரெண்டும் ஒரே நாளிலை பிறக்கிறேல்லை. தேடிப் பாரும்" என்று சொல்லிவிட்டு வெங்காயக் கடைப் பக்கம் போய்விட்டார்.

அன்று வீடு திரும்பும்போது காங்கேசன்துறை வீதியோரத்தில், கட்டடச் சாமான் கடையொன்றின் முன்னால் லொறியிலிருந்து சீமெந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலையிலும் தோளிலும் சாக்கை மடித்துப் போட்ட ஒருவர் குனிந்து நிற்க, மேலே நிற்பவர் பையை அவருடைய முதுகில் மெல்லச் சரித்துவிடுவார். 50 கிலோ. பழைய ஆட்களுக்கு இன்னும் அது ஒரு அந்தர்தான். குனிந்தவர் நிமிராமலே ஓட்டமும் நடையுமாகக் கடைக்குள் போய்ப் பையைச் சாய்த்துவிட்டு வருவார். கண்ணிமை மயிரெல்லாம் சாம்பல் நிறம். காகிதப் பையின் ஒரு மூலை வெடித்து, நிலத்தில் ஒரு கைப்பிடி பொடி கிடந்தது. பையிலே கொட்டை எழுத்தில் 'போட்லண்ட் சீமெந்து' என்று போட்டிருந்தது.

மாஸ்டர் சொன்னது சரி. அந்த இரண்டு சொல்லில் ஒன்றுகூட அந்தப் பொடியின் பெயரில்லை. இரண்டும் கல்லின் பெயர்கள்.

'சீமெந்து' என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. அந்த மொழியில் 'கைதெரே' என்றால் வெட்டுதல். அதிலிருந்து பிறந்தது 'கைமெந்தும்'. வெட்டியெடுத்த கல், வெட்டும்போது சிதறிய கல், உடைந்த கல் துண்டு என்று பொருள். கல்லை ஒட்டவைக்கும் பசைக்கு உரோமர் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. பசைக்குள் போடுகிற கல்லுக்குத்தான் அந்தப் பெயர். கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் கட்டடக் கலையைப் பற்றிப் பத்துப் புத்தகம் எழுதிய வித்துருவியஸ் அந்தச் சொல்லை ஆண்டதும் இந்தப் பொருளில்தான்.

உரோமருடைய முறை இதுதான். சுண்ணாம்பை நீற்றி, நேப்பிள்ஸ் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள பொத்சுவோலியில் கிடைக்கும் எரிமலைச் சாம்பலோடு குழைப்பார்கள். அந்தக் குழம்பைப் பரப்பி, அதற்குள் கைமுட்டி அளவான கல் துண்டுகளை அடுக்கடுக்காக வைத்து அமுக்குவார்கள். அந்தக் கல் துண்டுகள்தான் 'கைமெந்தும்'. அவை போட்டுச் செய்த வேலை 'ஓபுஸ் கைமெந்திகியும்', அதாவது 'உடைகல் வேலை'. இன்று நாங்கள் கொங்கிறீற் என்று சொல்லுகிற வேலைக்கு அவர்கள் இட்ட பெயர் அவ்வளவுதான். உரோமாபுரியிலுள்ள பந்தியோன் கோயில், கி.பி. 126ஆம் ஆண்டளவில் ஹேட்ரியன் சக்கரவர்த்தி காலத்தில் முடிந்தது. அதன் குவிமாடம் உட்புறம் 43 மீற்றர் அகலம். ஒரு இரும்புக் கம்பி இல்லை. மேலே போகப் போகக் கனங்குறைந்த கல்லாகப் போட்டு, உச்சியில் நுரைக்கல்லைப் போட்டு முடித்திருக்கிறார்கள். இன்றைக்கும் அதற்குள் மழை பெய்தால் உச்சித் துவாரத்தின் வழியாகத்தான் பெய்யும். விரிசல் வழியாக அல்ல.

உரோம இராச்சியம் சரிந்த பிறகு அந்த வேலையும் மறந்துபோனது. சொல் மட்டும் ஊர் ஊராக அலைந்தது. உடைந்த கல்லையும் ஓட்டுத் தூளையும் சுண்ணாம்போடு கலந்த கலவைக்கு அந்தப் பெயர் ஆகி, பிறகு கலவையிலே ஒட்டுகிற பகுதிக்கு மட்டும் ஆகி, கடைசியில் கல்லைக் கைவிட்டுப் பசையோடு போய்விட்டது. சோற்றுக்குச் சொன்ன பெயர் குழம்புக்கு ஆனது மாதிரி.

இப்படி இடம் மாறிய சொல் இது ஒன்றுதான் என்று நினைக்கக்கூடாது. சாந்துக்கு இங்கிலீசில் 'மோட்டர்' என்கிறார்களே, அது இலத்தீனில் சாந்து குழைக்கிற தொட்டியின் பெயர். பாத்திரத்தின் பெயர் பண்டத்துக்கு வந்துவிட்டது. 'கொங்கிறீற்' என்பதற்கு 'சேர்ந்து வளர்ந்தது, ஒன்றாய் இறுகியது' என்று பொருள். மூன்றிலும் பொருத்தமான பெயர் இதுதான். அதையும் நாங்கள் கொங்கிறீற் தட்டு என்று வீட்டுக் கூரைக்குச் சொல்லிச் சுருக்கிவிட்டோம்.

இனி எங்கள் பக்கம் வருவோம்.

போன கிழமை சொன்ன பொழிகல்லை மறந்திருக்கமாட்டீர்கள். 'பொழிகல்' என்றும் 'பொளிகல்' என்றும் எழுதுகிறார்கள். பொளிதல் என்றால் உளியால் கொத்துதல். அம்மி தேய்ந்தால் பொளிவிக்கிறோம். பொளிந்து சதுரமாக்கிய சுண்ணக்கல் பொழிகல். அதாவது, இலத்தீன்காரன் 'வெட்டு' என்ற வினையிலிருந்து கல்லுக்குப் பெயர் வைத்தது போலவே நாங்களும் வைத்திருக்கிறோம். இரண்டு இடத்திலும் கல்லைப் பார்த்தவுடன் மனிதனுக்கு முதலில் தோன்றியது அதை வெட்டின கைதான்.

வெட்டும்போது சிதறுவது சல்லி. தமிழ்நாட்டில் ஜல்லி என்பார்கள். இந்தச் சொல்லுக்கு ஒரு வேடிக்கையான வாழ்க்கை உண்டு. இலங்கை முஸ்லிம் மக்கள் காசைச் சல்லி என்கிறார்கள், சிங்களத்திலும் சல்லிதான். 'சல்லிக் காசுக்கும் உதவாது' என்று நாங்களும் ஏசுகிறோம். சின்னது, உடைந்தது, சில்லறை என்ற கருத்து உள்ளே ஓடுகிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் றோட்டுப் போடுவதற்குச் சல்லி உடைக்கிற பெண்களைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்ப்போம். பழைய ரயரில் வெட்டிய வார் ஒன்றை வளையமாக்கி, கல்லை அதற்குள் அடக்கிப் பிடித்துக்கொண்டு சுத்தியலால் போடுவார்கள். துண்டு தெறிக்காது, விரலும் நசுங்காது. சுத்தியல் விழுகிற ஒவ்வொரு முறையும் வெள்ளைத் தூள் ஒரு மூச்சு எழும்பி அடங்கும். அந்தப் பெண்கள் உடைத்தது என்னவென்று வித்துருவியஸிடம் கேட்டிருந்தால், தயங்காமல் 'கைமெந்தும்' என்றிருப்பார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு விசேஷம் உண்டு. குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல்தான் படுத்திருக்கிறது. வற்றாத ஆறு இல்லை, மலை இல்லை, கருங்கல் இல்லை. நாலடி செம்மண்ணைத் தோண்டினால் கல். மருதனார்மடம், இணுவில், உடுவில் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் எல்லாம் அந்தக் கல்லை வெடி வைத்து உடைத்து இறக்கியவைதான். கிணறு வெட்டின கல் வீணாகப் போனதில்லை. பெரியது சுவருக்கு, நடுத்தரம் அத்திவாரத்துக்கு, சின்னது சல்லிக்கு. மிச்சத்தைச் சுட்டால் சுண்ணாம்பு. சுவரும் அந்தக் கல், சுவரை ஒட்டின சாந்தும் அந்தக் கல், மேலே பூசின வெள்ளையும் அந்தக் கல்.

மருதனார்மடம் என்ற பெயருக்குள்ளேயே ஒரு கட்டடம் இருக்கிறது. காங்கேசன்துறை வீதி, கீரிமலைக்குத் தீர்த்தமாடவும் பிதிர்க்கடன் கழிக்கவும் சனம் நடந்துபோன திசை. நடப்பவன் இளைப்பாற மடம், சுமை இறக்கச் சுமைதாங்கி, குடிக்கக் கிணறு, மாடு முதுகு தேய்க்க ஆவுரோஞ்சிக்கல். குடாநாட்டின் பழைய மடங்களில் இந்த நான்கும் சேர்ந்தே இருக்கும். இடிந்த மடச் சுவர் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பொழிகல்லுக்கும் சாந்துக்கும் இடையிலே கோடு எங்கே என்று சொல்ல முடியாது. நகத்தால் சுரண்டினால் இரண்டிலும் ஒரே வெள்ளைப் பொடிதான் வரும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. சுண்ணக்கல்லைச் சூளையில் அடுக்கி ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் சுடும்போது அதற்குள் இருக்கும் கரியமில வாயு கழன்று போய்விடுகிறது. நூறு இறாத்தல் கல் போட்டால் 56 இறாத்தல்தான் திரும்பி வரும். உருவம் அப்படியே இருக்கும். கையில் எடுத்தால் கனம் இராது. அந்தக் கட்டியின் மேல் தண்ணீர் தெளித்தவர்களுக்குத் தெரியும், அது எப்படிச் சீறும் என்று. முதலில் ஒன்றும் நடக்காது. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். பிறகு ஒரு சின்ன வெடிப்பு, அதிலிருந்து ஆவி, பிறகு கட்டி முழுவதும் மலர்ந்து, தானாக உதிர்ந்து, மாவாகிக் கொதிக்கும். பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளைப் பெரியவர்கள் கலைத்துவிடுவார்கள். கண்ணில் பட்டால் கண் போய்விடும். இந்த வேலைக்கு நீற்றுதல் என்று பெயர். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, வட்ட வாய்க்காலுக்குள் கல் உருளை போட்டு மாட்டைக் கட்டி அரைத்துப் பூசினால், அது சுவரிலே இருந்துகொண்டு போன வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் இழுத்து, பழையபடி சுண்ணக்கல்லாகவே ஆகிவிடும். பூச்சுக்குப் பனங்கட்டிப் பாணி விட்டார்கள், முட்டை வெள்ளைக்கரு விட்டார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதில் உண்மை உண்டு. இனிப்பும் பசையும் சாந்தை இளக்கிக் கொடுக்கும்; தமிழ்நாட்டில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டது இதற்குத்தான்.

'நீற்று' என்ற வினையைச் சைவ உலகத்துக்கு நன்றாகத் தெரியும். பல்லவ மன்னன் அப்பரை ஏழு நாள் அடைத்து வைத்தான் என்று சேக்கிழார் சொல்கிற நீற்றறை வேறொன்றுமில்லை, சுண்ணாம்புச் சூளைதான். எங்களுடைய பிள்ளைகள் சமய பாடத்தில் அதைப் படித்து, ஏதோ ஒரு விசேஷமான சிறைச்சாலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சூளையை ஒரு முறை காட்டினால் அந்தப் பாடம் வேறு மாதிரி ஏறும்.

இங்கேதான் எனக்கு இந்த ஆராய்ச்சியில் பெரிய ருசி. 'சுண்ணம்' என்ற சொல் வடமொழிச் 'சூர்ணம்' பிராகிருதத்தில் 'சுண்ண' ஆகி வந்தது. பொருள்: பொடி. வைத்தியர் தருகிற சூரணமும் அதுதான். மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தில் பெண்கள் உலக்கையால் இடிப்பதும் வாசனைப் பொடி. அதே 'சுண்ண' சிங்களத்தில் 'ஹுணு' ஆனது. அங்கேயும் சுண்ணாம்பு என்று பொருள். மருதனார்மடத்துக்கு அடுத்த ஊரான சுன்னாகத்தின் பெயரைச் சிலர் இதோடு சேர்த்து, 'ஹுணுகம' என்றும் சுண்ணாம்பு ஊர் என்றும் விளக்குகிறார்கள். எழுத்திலே இரண்டு சுழி 'ன'கரம் இருப்பதைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. ஊர்ப்பெயரில் எழுத்துப் பிழையைப் பெரிய சாட்சியாக நான் எடுப்பதில்லை. கல்லின் மேல் இருக்கிற ஊருக்குச் சுண்ணாம்பால் பெயர் வந்தால் அதிசயம் என்ன?

ஆக, கணக்கைப் பாருங்கள். கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புக்கு நாங்கள் வைத்த பெயருக்கு அர்த்தம் பொடி. பையிலே வருகிற பொடிக்கு ஐரோப்பியர் வைத்த பெயருக்கு அர்த்தம் கல்.

மற்றச் சொல், 'போட்லண்ட்'. அதுவும் கல்தான் என்றேன். சுண்ணாம்புச் சாந்துக்கு ஒரு பலவீனம்: காற்றில்லாத இடத்தில் இறுகாது, தண்ணீருக்குள் கரைந்து போகும். 1756இல் எடிஸ்டன் பாறையில் வெளிச்சவீடு கட்ட இறங்கிய ஜோன் ஸ்மீற்றன் என்ற பொறியியலாளருக்கு அலை அடிக்கிற இடத்தில் இறுகுகிற சாந்து தேவைப்பட்டது. பல ஊர்ச் சுண்ணக்கற்களை வரவழைத்து அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். எந்தக் கல் கரைந்த பிறகு அடியில் களிமண் மிஞ்சியதோ, அந்தக் கல்லின் சுண்ணாம்புதான் தண்ணீருக்குள்ளும் இறுகியது. அதுவரை வெள்ளைச் சுத்தமான கல்தான் நல்ல கல் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அழுக்குக் கல் வென்றது. அந்த வெளிச்சவீடு 1759இல் முடிந்தது.

1824 ஒக்டோபர் 21ஆந் திகதி லீட்ஸ் நகரத்து ஜோசப் அஸ்ப்டின், சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் வேண்டுமென்றே சேர்த்துச் சுட்டு அரைத்த பொடிக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் கொத்து வேலைக்காரர். விற்கத் தெரிந்தவர். இங்கிலாந்தின் தெற்குக் கரையிலுள்ள போட்லண்டில் வெட்டுகிற வெள்ளைச் சுண்ணக்கல்தான் அந்தக் காலத்தில் மதிப்பான கட்டடக் கல். லண்டன் சென்ற் போல்ஸ் தேவாலயம் அதால் கட்டியது. தன்னுடைய பொடி இறுகினால் அந்தக் கல் மாதிரியே இருக்கும் என்று சொல்லி 'போட்லண்ட் சீமெந்து' என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் அதே பெயர், அதே வியாபாரப் பொய், பையிலே இருக்கிறது. சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'போட்லண்ட் கல் போன்ற வெட்டுகல்'.

அதே 1824இல் மருதனார்மடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வேறொரு காரியம் நடந்தது. அமெரிக்க மிஷன் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கியது. ஹரியற் வின்ஸ்லோ நடத்தியது; இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. அவருடைய கணவர் மைறன் வின்ஸ்லோதான் 1862இல் வெளிவந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதியின் ஆசிரியர். 1816இல் குடாநாட்டுக்கு வந்த அந்த அமெரிக்கர்களுக்குக் கிடைத்தவை கூரை விழுந்த பழைய தேவாலயங்கள். போர்த்துக்கேயர் எழுப்பி ஒல்லாந்தர் திருத்தியவை. 1672இல் அச்சான தன் புத்தகத்தில் பால்டேயஸ் பாதிரியார் படம் போட்டுக் காட்டியிருக்கிற கோயில்கள் அவை. மரம் உளுத்துப் போயிருந்தது. கல்லும் சுண்ணாம்பும் நின்றன. அதன்மேல் பனஞ்சிலாகை ஏற்றிக் குடிபுகுந்தார்கள். லீட்ஸில் புதுப்பொடி பிறந்த வருஷம் உடுவிலில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

பிறகு அது மெல்ல வந்தது, பீப்பாவில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி திறந்த காலத்திலும் இலங்கையில் விற்ற சீமெந்து முழுவதும் கப்பலில் வந்ததுதான். கொழும்பிலே தன் தந்தையார் 1857இல் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை இராமநாதன் அந்த வருஷங்களில்தான் முழுக் கருங்கல்லாகத் திரும்பக் கட்டி முடித்திருந்தார். சீமெந்து கடையில் கிடைக்கிற காலத்தில் கருங்கல்லுக்குத் திரும்பிய மனிதர். 1930இல் அவர் காலமானார்; சமாதி மருதனார்மடத்துக் கல்லூரி வளவுக்குள் இருக்கிறது. இன்று அதே வீதியில் ஆஞ்சநேயர் சீமெந்திலே வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறார். பஸ்ஸில் போகிறவர்கள் கோபுரத்துக்குக் கும்பிடுவதுபோல அவருக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

பீப்பாவோடு பெயரும் வந்து இறங்கியது. 'சீமெந்து' என்ற எங்களுடைய உச்சரிப்பைக் கேட்டவுடன் சிலர் போர்த்துக்கேயச் சொல் என்று சத்தியம் பண்ணுகிறார்கள். ஆசைப்படக் காரணம் உண்டு. யன்னல், விறாந்தை, அலுமாரி, கதிரை என்று வீடு முழுக்கப் போர்த்துக்கேயம்தான். அவர்களுடைய 'சிமெந்து'வும் காதுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் அவர்கள் 1658இல் போய்விட்டார்கள். பொடி பிறந்தது 1824இல். இதைவிட எனக்குப் பலமான சாட்சி 'கவுண்மேந்து'. கவுண்மேந்து உத்தியோகம் என்று எங்களுடைய ஆச்சிமார் சொன்னது எந்தப் போர்த்துக்கேயனிடமும் கேட்டுச் சொன்னதில்லை. இங்கிலீஸ் 'மெண்ட்' எங்கள் வாயில் 'மேந்து' ஆகும். கவுண்மேந்து ஆன வழியாலேயே சீமேந்தும், எழுத்திலே சீமெந்தும் ஆனது. என்னுடைய தீர்ப்பு அதுதான். மாஸ்டர் மறுத்தால் சந்தைக்குள்ளே வைத்துக்கொள்ளலாம்.

கலைச்சொல் ஆக்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. சீமெந்துக்குப் 'பைஞ்சுதை' என்றும் கொங்கிறீற்றுக்குக் 'கற்காரை' என்றும் வைத்தார்கள். கற்காரை நல்ல சொல். கல் சேர்ந்த காரை. உரோமருடைய 'உடைகல் வேலை'க்கு இதைவிடத் திறமான மொழிபெயர்ப்பு இல்லை. பைஞ்சுதையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். ஒரு நாள் விளையாட்டாகக் கடையில் கேட்டுப் பார்த்தேன். "அண்ணை, அது பக்கத்து மருந்துக் கடையிலை கேளுங்கோ" என்றான் பொடியன்.

சொல் வந்து ஊன்றிய பிறகு சாமானும் ஊரிலேயே பிறந்தது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை உற்பத்தி தொடங்கியது; இலங்கையின் முதலாவது ஆலை. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம். இடத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் எங்களுடைய பழைய கல். அதை ஆலை வளவிலேயே அகழ்ந்தார்கள். ஸ்மீற்றன் தேடிய களிமண் மட்டும் குடாநாட்டில் இல்லை; மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து வந்தது. முருங்கன் களிமண் காங்கேசன்துறைக்கு வந்த பாதையை வரைபடத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். தலைமன்னார்ப் பாதையில் ரயில் ஏறி, முதலில் தெற்கே மதவாச்சிக்குப் போய், அங்கே திரும்பி, வன்னி முழுவதையும் கடந்து யாழ்ப்பாணம் வந்து, 1902இல் திறந்த தண்டவாளத்தில் இணுவிலையும் சுன்னாகத்தையும் தாண்டிப் போய்ச் சேரும். இரண்டையும் அரைத்து, சுழல்கிற நீளச் சூளையில் 1450 பாகையளவில் சுட்டால் கறுத்த உருண்டைகளாக வரும். கிளிங்கர் என்று பெயர். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சீமெந்து. ஒரு பகுதிக் கிளிங்கர் காலிக்குப் போய் அங்கே அரைபட்டு, ருகுணுச் சீமெந்தாகத் தெற்கில் விற்பட்டது. தென்னிலங்கையில் அந்தக் காலத்தில் எழும்பின பல வீடுகளுக்குள் எங்களுடைய காங்கேசன்துறைக் கல் இருக்கிறது என்பது, கட்டினவர்களுக்கும் தெரியாது, கல்லுக்கும் தெரியாது.

மருதனார்மடம் அந்த ஆலைக்கும் பட்டணத்துக்கும் இடையிலே இருக்கிற ஊர். லொறிகள் போய்வந்த வீதி. கல்வீடு என்றால் பொழிகல் வீடு என்றிருந்தது போய், சீமெந்துக்கல் வீடு என்று ஆனது ஆலை ஓடிய நாற்பது வருஷத்துக்குள்தான்.

1990இல் யுத்தத்தோடு ஆலை நின்றது. வலிகாமம் வடக்குச் சனம் எழும்பி ஓடியது. பல குடும்பங்கள் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் பிள்ளை பெற்றுப் பேரப்பிள்ளையும் கண்டுவிட்டன. வடக்குக்குக் கொண்டுபோகக்கூடாது என்று தடை போட்ட சாமான் பட்டியலில் சீமெந்தும் இருந்தது. கல்லை அகழ்ந்த கிடங்குகளில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்க, அதே ஊரில் கிணற்றுக்கட்டு வெடிப்பை அடைக்க ஒரு சுண்டு சீமெந்து கிடையாது. பங்கர் வெட்டினவர்கள் மேலே போட்டது பனங்குற்றியும் மண்மூடையும். பனை, மண், கல். பால்டேயஸ் காலத்துக் கட்டடச் சாமான் பட்டியலுக்கு யாழ்ப்பாணம் ஐந்தாறு வருஷம் திரும்பிப் போயிருந்தது.

இதெல்லாவற்றையும் மண்டைக்குள் போட்டுக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை சந்திக்குக் கிட்ட ஒரு வளவுக்குள் வேலை நடக்கிறதைப் பார்க்கப் போனேன். வயதான மேசனார் ஒருவரும், அவருக்கு முட்டாளாக நின்ற ஒரு பெடியனும். தமிழ்நாட்டு வாசகர்கள் கோபிக்கக்கூடாது; மேசனுக்கு எடுபிடியாக நிற்பவரை நாங்கள் முட்டாள் என்றுதான் சொல்லுவோம். முட்டுக்கு நிற்கிற ஆள். உங்களுடைய சித்தாள். பெடியன் சல்லியைத் தாச்சியில் அள்ளிக் கொட்ட, மேசனார் சாந்தகப்பையின் முனையால் கலவையைக் கீறிப் பதம் பார்த்தார்.

"என்ன கணக்கு, ஐயா?"

"தட்டுக்கெண்டால் ஒண்டு, ரெண்டு, நாலு. வேறை என்ன?"

சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நாலு. ஏழு பங்கில் நாலு பங்கு சல்லி. கூட இருக்கிறதின் பெயரைத்தான் உரோமர் வேலைக்கே வைத்தார்கள் என்று அவருக்குச் சொன்னேன். சீமெந்து என்றாலே ஆதியில் சல்லிதான் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப சல்லிக்கு அவங்கள் என்ன பேர் சொன்னவங்கள்?"

"அதுக்கும் அதுதான்."

"அப்பிடியெண்டால் கடையிலை போய்க் கேட்டால் எதைத் தருவான்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

வளவின் மறுபக்கத்தில் இன்னொருவர் அச்சுப் பெட்டிக்குள் ஈரக் கலவையை அடைத்து, பலகையால் தட்டி, பெட்டியை மேலே உருவினார். விளிம்பு உடையாமல் ஒரு சீமெந்துக்கல் மணலில் குந்தியது. பக்கத்தில் வரிசையாக நாற்பது ஐம்பது இருக்கும். முதல் வரிசையின் மேல் ஈரச் சாக்கு. எத்தனை மணியிலிருந்து வேலை என்று கேட்டேன்.

"விடிய ஆறு மணியிலையிருந்து கல்லரியிறன், அண்ணை."

அரிதல் என்றால் வெட்டுதல். தமிழ்நாட்டிலும் செங்கல்லை 'அறுக்கிறார்கள்'. அவர் கையில் கத்தியில்லை, உளியில்லை, வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. பொடியையும் மணலையும் குழைத்துப் பெட்டிக்குள் அடைத்து எடுக்கிற வேலை. ஆனாலும் கல்லரிகிறார். மாஸ்டருக்குச் சொல்ல வேண்டும்.

(அடுத்த கிழமை: மங்களூர் ஓடு)